முனியாண்டிக்குக் குழி பறித்தவன் பேசுகிறேன்

மலைமகளின் தோளிலே மஞ்சு துகிலாய் நழுவும் இந்த மாலைப் பொழுதிலே, இம்மன்றத்துக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ராகலைக் கடைத்தெருவின் கண்ணியம், துணிக்கடை நஸார் முதலாளி அவர்களே, மறைந்த பெருமகன் பூசாரி ஆண்டியப்பனாரின் வாழ்க்கைத் துணைவியார், முன்வரிசையிலே வெள்ளைச் சேலையில் வெண்முகிலாய் அமர்ந்திருக்கும் பேச்சியம்மாள் அவர்களே, தலை நரைத்தும் தன்மானம் நரைக்காத பெரியோர்களே, கூடைக் கயிறு தலையில் பதித்த தடம் மறையுமுன்னே மலையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமின்றித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கேட்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சோலைமலையின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

சாமி இல்லை என்று சந்துபொந்தெல்லாம் சாற்றித் திரிந்தவனுக்கு, ஒரு பூசாரியின் முப்பதாம் நாள் நினைவு மேடையிலே என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அதோ, பின்னால் நிற்கிற தோழர் சிரிக்கிறார். சிரியுங்கள். பெயரிலேயே முருகன் மலையைச் சுமந்துகொண்டு முருகன் இல்லை என்று முழங்குகிறவனைப் பார்த்து வேறென்ன செய்வீர்கள்? பூசாரியாரும் இதைச் சொல்லிச் சிரித்தவர்தான். ஆனால் அவர் சிரிப்பிலே முள் இருந்ததில்லை.

கும்பிடுகிறவனுக்கு நம்பிக்கை என்றால் என்ன? கும்பிடாதவனுக்கு நம்பிக்கை என்றால் என்ன? பத்து வருடமாக மேடை மேடையாய் நான் பதில் சொல்லி வந்த கேள்வி இது. இன்று பதிலைக் கொண்டுவரவில்லை. நடந்ததைக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, கார்த்திகை மாதம். நமது வெள்ளிமலைத் தோட்டத்திலே, கீழ்ப்பிரிவிலிருந்து கொழுந்து லொறி ஏறி வருகிற பாதையை அகலமாக்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். எல்லா இடத்திலும் மண் வெட்டியாயிற்று. பாதை வளைகிற ஒரு முடக்கிலே வந்து வேலை நின்றது. இந்தப் பக்கம் பாறை. அந்தப் பக்கம் பள்ளம். நடுவிலே செண்பக மரம். மரத்தடியிலே முழங்கால் உயரத்திலே ஒரு கல். அந்தக் கல்தான் நம் முனியாண்டி.

வெட்டுக்காரர் எவரும் அதைத் தொட மாட்டோம் என்றார்கள். தொட்டால் தோட்டம் முழுவதும் வேலை நிறுத்தம் என்று பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். இரண்டு நாள் பொறுத்தார், மலையிலே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா. மூன்றாம் நாள் காலைப் பெரட்டிலே, ஆட்களைப் பெயர் கூப்பிட்டுப் பிரிக்கிற வேளையிலே, அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சாமி இல்லை என்று சுவரிலே நோட்டீஸ் ஒட்டுகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் எங்கே என்று கேட்டார். நான் முன்னே போய் நின்றேன். என் கையிலே ஓர் அலவாங்கைக் கொடுத்தார். இரும்புக் கம்பி, தோழர்களே. என் மார்பளவு உயரம். பனியிலே ஊறி, பாம்பு போலக் குளிர்ந்து கிடந்தது.

நடந்தேன். அன்று இறங்கிய பனியைப் போல அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. என் காலை நானே காணவில்லை. மலை இருந்த இடத்திலே மலை இல்லை. மரம் இருந்த இடத்திலே மரம் இல்லை. பின்னால் நூறு பேர் நடந்து வருகிறார்கள், ஒரு செருமல் இல்லை. பாலுக்குள்ளே நடக்கிற கனவு போல நடந்து, கல் முன்னால் வந்து நின்றேன்.

அங்கே பூசாரியார் நின்றிருந்தார். வழி மறிப்பார் என்று நினைத்தேன். சாபமிடுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் வாதம் வைத்திருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? குனிந்தார். கல்லின் மேலிருந்த பூவை எடுத்தார். தூங்குகிற குழந்தையின் தலையிலிருந்து பூ எடுப்பது போல, அவ்வளவு மெதுவாக எடுத்தார். அகல்விளக்கை எடுத்துத் துண்டிலே முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, அடிக்கிறதா இருந்தா ஒரே அடியா அடிச்சிருங்க. கொஞ்சங் கொஞ்சமா வேணாம்."

அவ்வளவுதான். விலகி நின்றார்.

என் படிப்பெல்லாம் எங்கே போயிற்று? என் பகுத்தறிவு பறந்தா போயிற்று? இல்லை. அப்போதும் அது எனக்குக் கல்தான். இன்றும் கல்தான். ஆனால் அந்தக் கல்லின் நெற்றியிலே, விரல் வைத்து வைத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. குங்குமம் இட்டவர்களின் பெருவிரல் பள்ளம். கடல் தாண்டி வந்தவர்கள், காட்டை வெட்டியவர்கள், காய்ச்சலிலே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அத்தனை பேரின் விரலும் அங்கே இருந்தது. நான் அலவாங்கைக் கீழே வைத்தேன்.

ஏன் என்று கேட்டார் கண்டாக்கு ஐயா. உடைத்தால் நோகும் என்றேன். கல்லுக்கா என்று கேட்டார்.

"கல்லுக்கு இல்லீங்க. இவருக்கு."

அன்று மாலையே எனக்குப் பத்துச்சீட்டு வந்தது. பத்துச்சீட்டு என்றால் இங்கே எவருக்கும் விளக்க வேண்டுமா? ஒரு மாதத்திலே வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பரா போகும், வேறு தோட்டம் நம்மை ஏற்காது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்குப் பத்துச்சீட்டு வந்தால் அவன் எந்த ஊருக்குப் போவான்? எந்த மண்ணைத் தன் மண் என்று சொல்லி நிற்பான்? என் மனைவி வீரம்மா சட்டி பானையை ஒவ்வொன்றாய்ச் சாக்கிலே கட்டத் தொடங்கினாள்.

மறுநாள் பக்தர்கள் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். முனியாண்டி உன் கையைப் பிடித்துவிட்டார், இனி நீ நம் ஆள் என்றார்கள். இல்லை, எவரும் பிடிக்கவில்லை, நானேதான் வைத்தேன் என்றேன். தேங்காயோடு திரும்பிப் போனார்கள். அடுத்த வாரம் ஹட்டனிலே எங்கள் பகுத்தறிவு மன்றத்துத் தோழர்கள் கடிதம் எழுதினார்கள். கல்லுக்கு அஞ்சிய கோழைக்கு மன்றத்திலே இடமில்லை என்று என் பெயரை வெட்டிவிட்டார்கள். கும்பிடுகிறவர்களுக்கும் நான் ஆகாதவன், கும்பிடாதவர்களுக்கும் ஆகாதவன். பனிக்குள்ளே தனிமரம் ஆனேன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடிக்கிறேன், முதலாளி. என்ன, முழுவதையும் சொல் என்கிறீர்களா? நன்றி.

பத்துச்சீட்டுத் தவணையிலே எட்டு நாள் மிச்சம். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பூசாரியார் துரை பங்களாவுக்குப் போனார். கல் நகர்ந்தால் சோலைமலையின் சீட்டைக் கிழிப்பீர்களா என்று கேட்டார். துரை சரி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு எல்லோரையும் செண்பக மரத்தடிக்கு வரச் சொன்னார் பூசாரியார். உங்களிலே பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். முனியாண்டி தம் கனவிலே வந்தார் என்று சொன்னார். லொறிச் சத்தம் தாங்கவில்லை, என்னை ஓடைக்கரைக்குக் கொண்டுபோ என்று சொன்னார் என்றார். கல்லைத் தொட்டால் வேலை நிறுத்தம் என்று சத்தியம் செய்த அதே கைகள், கழுவிக்கொண்டு வந்து கல்லைத் தூக்கின. தப்பு மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பனி விலகி வழிவிட, முனியாண்டி ஊர்வலம் போனார்.

நான் ஒதுங்கி நின்றேன். பூசாரியார் என்னைத் தேடி வந்தார். சாமி சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், குழி எடுப்பதிலே உங்கள் கை சுத்தம் என்றார். எந்த அலவாங்கால் உடைக்கச் சொன்னார்களோ அந்த அலவாங்காலேயே குழி பறித்தேன். அப்படித்தான், தோழர்களே, கடவுள் இல்லை என்கிற இந்தக் கை ஒரு கடவுளை நட்டது. துரை சீட்டைக் கிழித்தார். இந்த மலையிலே இன்றும் நான் நிற்கிறேன்.

ஆனால் அந்தக் கனவு மட்டும் எனக்குள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. பகலிலே பட்ட கவலை இரவிலே கனவாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நாலு வருடம் கழித்து, போன மாதம், தோட்டத்து ஆஸ்பத்திரியிலே நெஞ்சு நோயோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். அந்த விளக்கத்தை அவரிடமே சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

அதை நான் இங்கே சொல்லலாமா? தாம் போன பிறகு சொல்லலாம் என்று அவர் அனுமதி தந்தார். ஆனால் முன்வரிசையிலே இருக்கும் அம்மையாரின் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன். பேச்சியம்மா அக்கா, சொல்லவா? தலையசைக்கிறார்கள்.

அவர் சொன்னது இது:

"தூங்குனாத்தானே தம்பி கனவு வரும். அன்னிக்கு நான் எங்க தூங்குனேன்?"

கேட்டீர்களா? கனவு வரவில்லை. நாற்பது வருடம் பூசை செய்தவர், தம் சாமியின் பேரிலே ஒரு பொய் சொன்னார். யாருக்காக? அந்தச் சாமியே இல்லை என்று சொன்னவனுக்காக. சாமி பேரில் பொய் சொன்னீர்களே, சாமி கோபிக்காதா அண்ணே என்று கேட்டேன்.

"கோவிச்சா என்னையத்தானே கோவிக்கும். ஒங்க வீட்டு அடுப்பு எரியட்டும்னு இருந்தேன்."

அவையோரே, ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்? ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? தூக்கிய தோளுக்கெல்லாம் அவமானம் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். அக்கா எழுந்து நிற்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள் அக்கா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிராது. அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்கிறேன்:

"அன்னிக்கு ராவு பூரா அவரு ஒக்காந்தே இருந்தாரு, நான் பாத்தேன். கனவுன்னு சொன்னப்ப எனக்குத் தெரியும். ஆனா கல்லத் தூக்கையில முனியாண்டி பேசாமதானே இருந்தாரு? அதான் அவரு சம்மதம்."

தோழர்களே, எத்தனை மேடை ஏறியவன் நான், எத்தனை வாதம் வென்றவன் நான். இந்த அம்மையாரிடம் மட்டும் மகிழ்ச்சியோடு தோற்கிறேன். பூசாரியார் கொண்டிருந்தது என்ன நம்பிக்கை? தாம் தவறினாலும் தம் தெய்வம் தம்மைத் தாங்கும் என்ற நம்பிக்கை. எனக்கு அப்படித் தாங்க எவரும் இல்லை. ஆகவே என் பாரத்தை என் கையிலேயே தூக்குகிறேன். தவறி விழுந்தால் என்னைத் தூக்க மனிதர் வருவார் என்று நம்புகிறேன். வந்தாரா? வந்தார். நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வந்தார்.

நாளைக்கும் இந்த மலையிலே ஒருவனுக்குப் பத்துச்சீட்டு வரும். அவன் கோயிலுக்குப் போகிறவனா, பள்ளிவாசலுக்குப் போகிறவனா, எங்கும் போகாதவனா என்று கேட்டுக்கொண்டா நிற்பீர்கள்? அன்றைக்குக் கும்பிடுகிற கை முந்தட்டும், அல்லது கும்பிடாத கை முந்தட்டும். யார் கை முந்தியது என்று எவரும் எண்ண வேண்டாம். நமக்கு நாடு இல்லை என்று எழுதி வைத்தார்கள். நாதி இல்லை என்று எவனும் எழுத முடியாது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பனியைப் பொருட்படுத்தாத தாய்மார்க்கும், கடிகாரத்தை மறந்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. பேச்சியம்மா அக்கா, இந்த மேடையிலே இதுவரை எவரையும் நான் கைகூப்பி வணங்கியதில்லை. உங்களை வணங்கி அமர்கிறேன்.