தலையணைக்குள் சடாமாஞ்சில்

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டதும் பேருந்தில் கூட்டம் ஏறியது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு நாற்பது வயதிருக்கும், விரலில் கட்டு. மற்றவள் மூத்தவள்.

"நேத்து தூங்கிட்டேங்க்கா. எங்க வூட்டுக்காரரு செத்ததுலேந்து நேத்துதான்."

"சடாமாஞ்சில் வேர காய்ச்சிக் குடிச்சியா?"

"குடிக்கல. தலகாணி உறைக்குள்ள போட்டுகினேன்."

தூக்கம் வருவதற்குக் கொடுக்கும் வேர் அது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயிலும் போடுவார்கள். வாடை கனமாக இருக்கும்.

"இன்னாடி இது! மருந்து கடைக்காரரு குடிக்கத்தான சொன்னாரு? மறுபடி மிஷின்ல கண்ணசந்து ஊசிய வெரல்ல ஏத்திகினா, சூப்பர்வைசர் வேலய விட்டே நிறுத்திடுவாரு."

"பொட்டலத்த பிரிச்சேங்க்கா. தோல் பதப்படுத்தற ஷாப்புலேந்து அவரு வந்தா வீசுமே, அதே வாடை. பதினஞ்சு வருஷமா, குளிச்சிட்டு உள்ள வாய்யான்னு வாசல்லயே நிக்க வெச்சேன்."

"அவரு சட்ட ஒண்ணுகூட இல்லியா?"

"காரியத்தன்னிக்கே எல்லாத்தயும் தொவச்சி குடுத்துட்டாங்க."

மூத்தவள் கட்டுப்போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாதிய வெச்சிக்க. பாதியயாவது காய்ச்சிக் குடிடி."

"வேணாங்க்கா. காய்ச்சினா வாடை பூடும்."