எட்டிய பந்துக்கு வழக்காடிய பெர்சிஸ் டீச்சருக்கு

நெல்லை மாவட்டப் பெண்கள் சாஃப்ட்பால் அணித் தேர்வில் இருபது ஆண்டுகள் எங்களோடு அமர்ந்து, ஒருமுறைகூட எங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பாமல், இன்று பணி ஓய்வு பெறும் பெர்சிஸ் டீச்சர் அவர்களே! பாளையங்கோட்டை வெயிலுக்கும் எங்கள் பெருமூச்சுக்கும் அசையாதவரே! வணக்கம்.

தங்கள் பொறுமையைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எங்கள் பொறுமையைப் பற்றி நாங்கள் பேசுகிறோம்.

சென்ற ஆண்டுத் தேர்வில் ஓர் இடமே மீதி இருந்தது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடம். போட்டியில் இரண்டு பிள்ளைகள். பிருந்தா அடித்த பந்து மதிலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. ராதாபுரத்திலிருந்து பஸ் மாறி வந்த சித்ரலேகாவின் மட்டையில் பந்து படவே இல்லை. அணியில் சேர்ந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்குக் கல்லூரி. இல்லையென்றால் படிப்பு அத்தோடு சரி. இது தெரிந்தும் தாங்கள் அதைச் சொல்லி இடம் கேட்கவில்லை.

செயலாளர் குமரகுருபரனுக்குச் சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பேனாவை மூடினார்.

"அந்தப் பிள்ளை நாலு பந்தை நழுவ விட்டிருக்கு டீச்சர். பிருந்தா ஒண்ணுதான்."

"பிருந்தா நின்ன இடத்தை விட்டு நகரலையே சார். தள்ளிப் போனதையெல்லாம் போகட்டும்னு விட்டா. இவ ஓடிப்போய் எட்டுனா, அதான் நழுவுச்சு. எட்டாதவளுக்குத் தப்பே கிடையாதோ?"

"மட்டை பிடிக்கவே தெரியலையே!"

"தெரியும்னு நான் சொன்னேனா?"

குமரகுருபரனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மட்டையைப் பிடுங்கிக்கொண்டு தானே களத்தில் இறங்கினார். நாலு பந்தில் அவளைத் தோற்கடித்துவிட்டு பஸ் ஏறுவது அவர் எண்ணம். இடப்பக்கம் அடித்தார், எடுத்தாள். கல் கிடந்த வலப்பக்கம் அடித்தார், பந்து துள்ளி முகத்துக்கு வந்தது, எடுத்தாள். "ஏட்டி, இங்கன பாரு" என்று ஏய்த்துவிட்டு அங்கன அடித்தார். அதையும் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்துவிட்டு, "அடுத்தது சார்" என்றாள். பஸ் போய்விட்டது. தாங்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தீர்கள். அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மூச்சிரைக்க வந்து சித்ரலேகாவின் பெயரை எழுதினார். பிருந்தாவின் அப்பா சண்டைக்கு வந்தது எங்களிடம்தான், தங்களிடம் அல்ல.

மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். முந்தைய ஆண்டு பதினொரு ஓட்டத்தில். இம்முறை ஒன்றே ஒன்றில். கடைசியில் சமன் செய்யும் ஓட்டத்துக்கு மூன்றாம் தளத்தில் நம் பிள்ளை காத்து நிற்க, மட்டை பிடித்தவள் சித்ரலேகா. வீசியதெல்லாம் காற்றில். "ஒரு ஓட்டந்தானே விட்டோம்" என்றீர்கள். திரும்பும் ரயிலில் தங்களோடு யாரும் பேசவில்லை.

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மட்டை பிடிக்க இன்னும் தெரியவில்லை.

போன வாரம் தாங்கள் விடுப்பில் இருக்க, இவ்வாண்டுத் தேர்வுக்குக் கூடினோம். வெயில் சாயுமுன் முடித்துவிடலாம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. குமரகுருபரன் வெற்றுத்தாளில் முதல் பெயராகச் சித்ரலேகா என்று எழுதினார். யாரும் மறுக்கவில்லை. பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கல் கிடந்த பக்கமாகப் பந்தடிக்கப் போனார். பஸ் போய்விட்டது.

நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! இனியாவது மாலைக் காப்பியைப் பொழுதோடு வீட்டில் குடியுங்கள். எங்களுக்கு அது இனியும் வாய்க்காது, டீச்சர்.

இவண்,
தேர்வுக் குழுவினர்
பாளையங்கோட்டை, 1998