உறவினர் அல்லாத இருவர்

– இது வேலைக்குக் குடுக்கிற சீவியோ, பலசரக்குக் கடைத் துண்டோ, பிள்ளை? ஒரு பக்கத்துக்குள்ள பிறந்து, படிச்சு, வேலையும் செய்து முடிச்சிட்டீர்.

– அவ்வளவுதாங்க ஐயா இருக்கு.

– இருக்கிறதை எழுதினா அது சீவியில்லை, பொலிஸ் வாக்குமூலம். உதென்ன, ‘றம்ஸான் ஸ்டோர்ஸில் பில் போட்டேன்’?

– ருவான்வெல்லை பஜார்ல சாமான் கடைங்க. ரெண்டு வருஷம் நின்னேன்.

– ‘சில்லறை வணிக நிதி முகாமைத்துவ உதவியாளர்.’ எழுதும்.

– கடை மொதலாளி றம்ஸான் நானாகிட்ட போன் போட்டுக் கேட்டா, அப்படி ஒரு ஆளு நம்ம கடையில இல்லவே இல்லன்னுருவாருங்க.

– பகிடி விடாதையும். அடுத்தது. ‘கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.’

– சாயந்தரத்துலங்க. நம்ம லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைங்க ஏழெட்டு வரும்.

– ‘பெருந்தோட்டச் சமூகக் கல்வி இணைப்பாளர்.’ விலாசத்தில லயம் எண்டு எழுதாதையும். ‘இறப்பர்ச் சோலைக் குடியிருப்பு’ எண்டு போடும்.

– தபால்காரர் தேடிக்கிட்டே எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போயிருவாருங்க.

– பிள்ளை, நான் ஒரு ஆயுள்காலம் உந்தத் தோட்டத்தில பெரிய கிளாக்கரா இருந்தனான். எத்தினை துரைமார் வந்து போச்சினம். அத்தினை பேரின்ர இங்கிலீசையும் திருத்தினது ஆர் எண்டு நினைக்கிறீர்?

– தெரியுங்க. அதான் பெரிய கிளாக்கரய்யாவத் தேடி வந்தேன். நாளைக்குத்தான் கடைசி நாளு. கேகாலையில ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவுல ஆள் எடுக்கிறாங்க. இதுவும் கெடைக்கலன்னா றப்பர் மரத்துல பால் வெட்டத்தான் போகணும்.

– ஏன் பால் வெட்டு? ஏ.எல். சோதினை பாஸ் பண்ணியிருக்கிறீர்.

– அம்மா போன ஆவணியில தவறிப் போயிட்டாங்க. தோட்டத்துல வேலை செய்ற ஆளு வீட்டுல இல்லன்னு நாங்க இருக்கிற லயத்துக் காம்பராவக் காலி பண்ணச் சொல்றாங்க. இருக்கணும்னா வேலையாளுங்க பேர் எழுதுற செக்ரோல்ல என் பேரப் பதியணுமாம். அந்தக் கத்திய நான் தொடக் கூடாதுன்னுதாங்க அம்மா படிக்க வச்சாங்க.

– கவலைப்படாதையும். இந்தப் பஞ்சலிங்கத்தின்ர கை பட்ட விண்ணப்பம் ஒண்டும் திரும்பி வந்ததில்லை.

– பதிலும் வந்ததில்லை. இந்தாரும் பிள்ளை, தேத்தண்ணி.

– பத்மாசனி, நீர் இடையில கதையாதையும்.

– நான் எங்க கதைச்சனான், கப்பையெல்லோ வைக்கிறன். எங்கட மகனுக்கும் இவர்தான் பிள்ளை சீவி எழுதிக் குடுத்தவர். பிருந்தாபன் கனடாவில அதைக் கிழிச்செறிஞ்ச பிறகுதான் வேலை எடுத்தவன்.

– அங்கத்தைய முறை வேற.

– குனிஞ்சிருக்கேக்கதான் பாக்கிறன். பிள்ளைக்கு உச்சியில இரட்டைச் சுழி. எங்கட பிருந்தாபனுக்கும் இப்பிடித்தான். சீப்பு நிக்காது.

– நமக்கும் நிக்காதுங்க. அம்மா எண்ணெய வச்சு அமுக்கி விடுவாங்க.

– உந்தச் சுழிக் கதையை விடும். இதென்ன பிள்ளை, ‘தந்தையின் பெயர்’ வெறுமையாக் கிடக்கு?

– அது அப்படித்தாங்க.

– அப்படித்தான் எண்டால்? வெற்றிடம் விட்ட விண்ணப்பத்தை நான் கந்தோரில வேலை செய்யேக்க வாசிக்கிறதேயில்லை, நேரா கூடைக்குள்ள. தகப்பன் பேர் இல்லாட்டி, இது என்ன குடும்பம், என்ன ஒழுக்கம் எண்டெல்லோ யோசிப்பாங்கள்.

– யோசிக்கிறாங்கதாங்க. போன தடவை ஒரு எடத்துல, சிங்கள நங்கி ஒருத்தி, ‘தாத்தகே நம’ எங்கன்னு எல்லார் முன்னாலயும் கேட்டா.

– நீர் என்ன சொன்னனீர்?

– அப்பா பேரு இல்லன்னேன். செத்துட்டாரான்னு கேட்டா. அதுக்கும் இல்லன்னேன். அப்புறம் அவ கேக்கல. எனக்கு வேலையும் குடுக்கல.

– பாத்தீரோ? அதைத்தான் சொல்லுறன். தகப்பன் எண்டு ஒருத்தன் இருந்துதானே இருப்பான். பெத்தவன்ர பேரைப் போட என்ன வெக்கம்? முன்னுக்கு ‘வி. தர்மிளா’ எண்டு கிடக்கு. அந்த ‘வி’ ஆர்? வேலாயுதமோ, வீரையாவோ?

– அது அப்பா எழுத்து இல்லைங்க. அம்மாவோடது. விஜயகலா.

– விஜயகலா எண்டால்... எந்த விஜயகலா?

– தோட்டத்துல மேல் பிரிவுங்க. நான் பொறக்க முந்தி ஐயாவோட குவாட்டர்ஸ்லதான் குசினி வேலைக்கு நின்னாங்களாம்.

– இஞ்சாருங்கோ, பேனை கீழ விழுந்திட்டுது.

– ம்.

– கண்ணாடியை ஏன் கழட்டுறீங்கள்? எழுதுங்கோவன். பிள்ளை காத்துக்கொண்டிருக்கு.

– பத்மாசனி, அடுப்பில பால் வச்சனீரெல்லோ.

– அடுப்பை நூத்திட்டுத்தான் வந்தனான். நீர் பிறந்தது எப்ப, பிள்ளை?

– ரெண்டாயிரத்து ரெண்டுங்க. ஐப்பசி.

– நான் அந்த வருஷம் சித்திரையில இஞ்ச வந்தனான். அதுவரைக்கும் சண்டையால பாதை பூட்டு. நானும் மகனும் யாழ்ப்பாணத்தில, இவர் இஞ்ச தனிய. பாதை திறந்த உடன ஓடி வந்தா, குசினியில மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகம், எல்லாம் போத்தில்ல நிரப்பி, துடைச்சு, வரிசையா இருக்கு. ஆரப்பா இவ்வளவு வடிவா வச்சது எண்டு கேட்டன்.

– உதெல்லாம் இப்ப ஏன்?

– வேலைக்கு நிண்ட ஒருத்தியாம். போன கிழமைதான் மலையில பால் வெட்ட அனுப்பினவராம். கை சுத்தமில்லையாம்.

– எங்கம்மா அடுத்தவங்க சாமான் ஒண்ணு தொட மாட்டாங்கங்க.

– எனக்குத் தெரியும் பிள்ளை. போத்தில் எல்லாம் நிரம்பித்தானே இருந்தது.

– சரி, சரி. நேரம் போகுது. உந்தத் தகப்பன் பேர்... உதை விடும். இப்பத்தைய முறையில உந்த வரியே இல்லை. ஆரும் கேக்கிறதுமில்லை. நான் வெட்டி விடுறன்.

– இப்பத்தானே ஐயா, கூடைக்குள்ள போடுவேன்னீங்க.

– அது அந்தக் காலம்.

– தேத்தண்ணி ஆற முந்தி இருந்த காலம்.

– பத்மாசனி!

– நான் கப்பை எடுக்கத்தான் வந்தனான்.

– அப்ப கம்பெனி படிவத்துல இத மட்டும் நிரப்பித் தாங்க ஐயா. கடைசியில. ‘உறவினர் அல்லாத இருவர்.’ நம்மளப் பத்தித் தெரிஞ்ச ரெண்டு பேரு சொல்லணுமாம். ஒண்ணு பள்ளிக்கூடத்து இப்திகார் சேர். இன்னொருத்தரு நல்ல அந்தஸ்துல உள்ளவரா இருக்கணுமாம்.

– அதுக்கென்ன. அது செய்யலாம். சந்தோசமாச் செய்யலாம். எழுதும். திரு. பஞ்சலிங்கம். ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர். அகில இலங்கைச் சமாதான நீதவான். அம்மன் ஆலய பரிபாலன சபைக் காப்பாளர். மூத்த பிரஜைகள் சங்க முன்னாள் உபதலைவர். மதுவொழிப்பு...

– என் படிப்பவிட ஐயாவோட பேரு நீளமாப் போவுதுங்க. தாள்ல எடமில்ல.

– நெருக்கி எழுதும். உமக்குத்தான் நல்லது.

– எழுதிட்டேன். பக்கத்துல ‘விண்ணப்பதாரியுடன் உள்ள உறவுமுறை’ன்னு ஒரு கட்டம் இருக்குங்க.

– அதில... ‘எதுவுமில்லை’ எண்டு போடும்.

– அத ஐயாவே கைப்பட எழுதிக் கையெழுத்து வைக்கணுமாம்.

– ஓ. அப்பிடியோ.

– எழுதுங்கோவன். இவ்வளவு வருஷமும் சொன்னதுதானே. புதுசா ஒண்டும் இல்லையே.

– எழுதுறன். கண்ணாடி எங்க வச்சனான், ஓ, இஞ்ச கிடக்கு. இந்தாரும். முடிஞ்சுது. கொம்பனிக்காரர் போன் எடுத்தா, நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு நானே சொல்லுறன்.

– பெரிய ஒதவிங்க ஐயா.

– இருட்டுக் கட்டுது. மழைக்கு முந்தி வெளிக்கிடும்.

– போறேங்க. அம்மா கரவனெல்ல ஆஸ்பத்திரியில கெடக்கையில சொன்னாங்க. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாங்க. ‘என்னைக்காச்சும் முடியாமப் போச்சுன்னா பெரிய கிளாக்கரய்யாகிட்ட போ. பேர மட்டும் கேளு. வேற ஒண்ணும் கேட்டுறாத’ன்னு.

– அதுதான் தந்திட்டனே பிள்ளை. பட்டம் பதவியோட, முழுப் பேரும்.

– தந்தீங்க ஐயா. வேலைக்கு இது போதும். பேரு வர வேண்டிய எடந்தான் மாறிப்போச்சு.