எதிரிக்கும் ஒரு வாசல்

கல்யாண வீட்ல நீட்டி முழக்கப்படாது... சின்னதா ஒரு கதை சொல்லிட்டு உங்களைச் சாப்பிட விட்டுடறேன்.

பாளையங்கோட்டையில அனவரதம்னு ஒருத்தர். ஒரே பொண்ணு, சிவகாமி. இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன இடத்துல ஜெபராஜ்ங்கற பையனைப் பிடிச்சுப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இவர் கத்தினாரா? அடிச்சாரா? இல்ல... மருமகன்கிட்ட பேசமாட்டேன்னுட்டார்!

ஆனா பொண்ணைப் பாக்காம இருக்க முடியுமா? ஃப்ளைட் ஏறிட்டார். ரசம் வச்ச மருமகன் பக்கத்து நாற்காலியிலேயே உக்காந்திருக்கான். இவர் சொல்றார், “ஏட்டி, உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு... ரசம் நல்லா இருக்கு.”

ஒருநாள் மூணு பேரும் ஒரு பழைய கோட்டைக்குப் போனாங்க. ரோமாபுரி ராஜா அந்த நாட்டை ஆண்ட காலத்துல, வடக்கு எல்லையில எதிரியைத் தடுக்க நீளமா ஒரு சுவரோட கட்டினது. இப்ப என்ன இருக்கு? முழங்கால் உயரத்துக்குச் சுவரு... வடக்குப் பக்கம் தேஞ்சுபோன ஒரு வாசக்கல்லு... ஆளைத் தூக்கற காத்து... நாலு செம்மறியாடு.

மழை தூறுச்சு. சிவகாமி குடை எடுக்க காருக்கு ஓடிட்டா. போச்சு! மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவுல தூது போக ஆளில்ல. இவருக்கோ ஒரு சந்தேகம், நாக்கு துறுதுறுங்குது. சுவத்தைப் பாத்துக் கேட்டார்:

“எதிரி வரக்கூடாதுன்னுதான சுவரு... பின்ன வடக்குப் பக்கம் எதுக்கு வாசல்?”

பையனும் சுவத்தைப் பாத்தே பதில் சொன்னான்: “அந்தப் பக்கத்து ஜனங்க யாவாரத்துக்கு வந்து போகணும்ல... மாமா.”

“எதிரிக்கா?”

“எதிரிக்கும் தேவை இருக்கும்ல மாமா. காவல் போட்டாங்க... ஆனா வழி விட்டுத்தான் கட்டினாங்க.”

அனவரதம் அந்த வாசக்கல்லையே பாத்துக்கிட்டு நின்னார். மழை வலுத்துச்சு. பையன் தான் போட்டிருந்த கோட்டைக் கழட்டி அவர் தலைக்கு மேல பிடிச்சான். அவன் முதுகு தெப்பமா நனையுது. இவர் அந்தத் துணியோட ஒரு ஓரத்தை அவன் பக்கம் இழுத்துவிட்டார்.

“நீங்களும்... உள்ள வாங்க, மாப்ளே.”

குடையோட ஓடிவந்த சிவகாமி, அதை விரிக்கவும் மறந்து நனைஞ்சுக்கிட்டே நின்னா.

ஏங்க... ரோமாபுரிக்காரன் எதிரிக்கே வாசல் வச்சான்! நாம மருமகனுக்கு வைக்கமாட்டேங்கறோம்... சம்பந்திக்கு வைக்கமாட்டேங்கறோம்... கூடப்பிறந்தவனுக்கு வைக்கமாட்டேங்கறோம்! கோவப்படுங்க, வேண்டாங்கல. ஆனா ஒரு ஆள் நுழையற அளவாவது இடம் விட்டுக் கோவப்படுங்க.

முன்வரிசையில ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கற ரெண்டு பெரியவங்களே... உங்களைச் சொல்லலைங்க! ஆனா பந்தியில... பக்கத்துப் பக்கத்து இலையில உக்காருங்க.