பேச்சு நின்ற கம்ப்யூட்டர்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் பார்வையற்றவர்.

"எனக்க கம்ப்யூட்டர மீன்காரி அக்காவாக்கும் சரியாக்கினா," என்றார் அவர்.

"அவளா? எப்பிடி?" என்றார் நண்பர்.

"அப்டேட் போட்டதும் ஸ்கிரீன வாசிச்சு சொல்லுத சத்தம் நின்னு போச்சு. கோர்ட்டுக்கு டைப் செய்து குடுக்கணும். வீட்டுல வேற ஆளில்ல. மீன் விக்க வந்தவ தலையில இருந்த மீன்குட்டைய எறக்கி வச்சிட்டு, ஸ்கிரீன்ல உள்ள இங்கிலீஷ ஒவ்வொரு எழுத்தா சொன்னா. நான் அத கூட்டி வாசிச்சு, கீபோர்டு கட்டைகள அமுக்கினேன். ஒரு மணிக்கூர் ஆச்சு."

"அப்ப மீனு?"

"ஐஸ் உருகி வடிஞ்சுது. அவ அசையல்ல. கடைசியில சத்தம் வந்தப்ப, கம்ப்யூட்டர்கிட்டயாக்கும் கேட்டா, 'இனி நிறுத்த மாட்டியே மக்கா, நான் போவட்டா'ண்ணு."