கூறைச் சேலையோடு எரிச்சே

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

"கூறைச்சீலையோட வீல்செயர் தள்ளினன், அக்கா," என்றாள் இளையவள்.

"எங்கை?"

"எரிச்சேயிலை. மலைக்கு மேலை, சுத்திவர மதில் கட்டின பழைய ஊர். ஞாயிறு எங்களோட வா எண்டு நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோரா கேட்டவ. விருந்துக்கெண்டு நினைச்சு வெளிக்கிட்டன். ஊர் வாசலிலை அவவின்ரை தாயின்ரை வீல்செயரை என்னட்டைத் தந்திட்டு அவை முன்னாலை நடந்திட்டினம். முழுக்கக் கல்லுப் பாதை."

"நீ ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"என்னத்தைக் கதைக்க? அவ வேலைக்குத்தான் கூப்பிட்டவ. பிழையா விளங்கினது நான்தானே."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ரை மனுசன் கேட்டவரோ?"

"ஓம். சாப்பாட்டு மேசையிலை ஆருக்குப் பக்கத்திலை இருந்தனி எண்டு கேட்டார். சின்யோராவுக்குப் பக்கத்திலை எண்டு சொல்லிப்போட்டன்."