முகத்துக்காக வாங்குகிறவர்கள் மத்தியில் மார்கிரட்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, கொழும்புத்துறையிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, தாய் மார்கிரட்டை இழந்து நிற்கும் லவீனா, அவளோடு இறால் காயவைக்கும் பெண்களே, என்னைப்போல மிளகாயும் ஊறுகாயும் சத்துமாவும் செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்களே, உங்கள் எல்லோருக்கும் கரவெட்டிச் சீவரத்தினத்தின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் திருமதி மார்கிரட் பிலிப்பு அவர்களைப் புதுமைப் பெண் என்றார்கள். தொழில் முன்னோடி என்றார்கள். சங்கத்தின் ஒளிவிளக்கு என்றார்கள். இதே வாய்கள்தான் அவர் உயிரோடு இருந்தபோது வயிற்றெரிச்சல் பிடித்த மனுசி என்றன. எனக்கு வயது போய்விட்டது. இனி யாருக்குப் பயந்து நான் மறைத்துப் பேசவேண்டும்?

எங்கள் கண்காட்சிகளை நினைத்துப் பாருங்கள். விளக்கேற்றுகிறோம், நாடா வெட்டுகிறோம், மேசைகளை அடுக்குகிறோம். யார் வந்து வாங்குகிறார்கள்? உங்கள் சத்துமாவை நான் வாங்குவேன். என் மோர்மிளகாயை நீங்கள் வாங்குவீர்கள். மிச்சத்தை மச்சாளும் சம்பந்தியும் வாங்குவார்கள். பின்னேரம் வெறும் மேசையைப் படம் பிடித்து, எல்லாம் விற்றுப்போச்சு என்று முகநூலில் போடுவோம். வாங்கிய சாமான் அலுமாரியில் கிடந்து வண்டு பிடிக்கும். இதற்குப் பெயர் சந்தையா? இது கலியாணவீட்டில் கொடுக்கிற அன்பளிப்பு, வேறொன்றுமில்லை.

என் அயலில் இருந்த ஜெயசுதன் முருங்கையிலைச் சூப்புத் தூள் செய்தான். கண்காட்சியில் ஒன்றும் மிஞ்சவில்லை. பெடியன் நம்பிவிட்டான். தூள் இடிக்கப் பெரிய கொட்டில் போடப் புறப்பட்டான். ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தது மார்கிரட் மட்டும்தான். "தம்பி, கைக்குது. இந்தக் கசப்பைப் பிள்ளையள் குடிக்காதுகள். முதல் ரெண்டு கடையிலை வைச்சுப் பார், பிறகு கொட்டிலைப் போடு" என்றார்.

சங்கம் என்ன செய்தது? வளருகிற பிள்ளையின் மனதை உடைத்துவிட்டார் என்று சொல்லி, மார்கிரட்டைக் கண்காட்சிக் குழுவிலிருந்து நீக்கியது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். கொட்டில் எழும்பியது. கடைகளுக்குப் போன தூள் போனபடியே திரும்பி வந்தது. ஜெயசுதன் இன்று கட்டாரில் சீமெந்து குழைக்கிறான். விமானம் ஏறப் போகும்போது, மார்கிரட் அக்காவைத் தவிர ஒருவரும் தனக்கு உண்மை சொல்லவில்லை என்றான். எனக்கு அது இன்னும் நெஞ்சுக்குள் எரிகிறது.

மார்கிரட் எப்படி வேலை செய்தார் தெரியுமா? மருதனார்மடச் சந்தியில் ஒரு கடையின் மூலையில் போய் நிற்பார். எவ்வளவு விற்றது என்று முதலாளியைக் கேட்கமாட்டார். தன்னுடைய இறால் கருவாட்டுப் பைக்கற்றை யார் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்ப்பார். அவர்களுக்குப் பின்னால் வீதிவரை போவார். "கோவிக்காதேங்கோ பிள்ளை, ஏன் திருப்பி வைச்சனீங்கள்?" என்று கேட்பார். இந்த மானம் போகிற வேலையை எங்களில் யார் செய்தோம்?

அப்படி ஒருநாள் வாடகை அறையில் இருந்து படிக்கும் பிள்ளையொருத்தி மறுமொழி சொன்னாள். கருவாடு தனக்கு நல்ல விருப்பம், ஆனால் பொரித்தால் மணம் வீடு முழுக்கப் போய், வீட்டுக்கார அம்மா தன்னை அறையை விட்டே கலைத்துவிடுவாவாம். மார்கிரட் நேரே வீட்டுக்குப் போனார். இறாலை வறுத்து, மிளகாயோடு இடித்து, சுடுசோற்றில் அப்படியே பிசைந்து சாப்பிடக்கூடிய தூளாக்கினார். பெரிய பைக்கற்றை விட்டுவிட்டு, ஒருநேரச் சாப்பாட்டுக்கு அளவான சின்னப் பைக்கற் போட்டார். இன்று அந்தத் தூள் இல்லாத மாணவர் அறை உண்டா? நாங்கள் போன பயிற்சிப் பட்டறைகள் எத்தனை! தின்ற மதியச் சாப்பாடுகள் எத்தனை! அங்கே கிடைக்காத புதுமை, வாங்காமல் போன ஒரு பிள்ளையிடம் கிடைத்தது.

அந்த மார்கிரட்டின் பெயரில் ஒரு நினைவுக் கண்காட்சி வைக்கப் போவதாகத் தலைவர் சற்றுமுன் அறிவித்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தலைவர் அவர்களே, அவரை இரண்டாந்தரமும் சாகடிக்காதீர்கள்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி கூறி முடிக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு மேசை இருக்கிறது. தாய் இல்லாமல் லவீனா முதன்முதலாகச் செய்த தூளை அதில் வைத்திருக்கிறாள். அவளை நம்பியிருக்கும் பெண்களின் பிழைப்பு அந்தத் தூளில்தான் இருக்கிறது. நீங்களோ இரக்கப்பட்டு, பிரித்துப் பார்க்காமலே அள்ளிக்கொண்டு வந்து மடியில் வைத்திருக்கிறீர்கள். அந்த இரக்கத்தை நம்பி அவள் அடுத்த சட்டியையும் இப்படியே வறுத்தால், ஜெயசுதனுக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கும்.

நான் வரும்போது ஒன்றைப் பிரித்து வாயில் போட்டேன். "பிள்ளை, உப்புக் கூடிப்போச்சு. கொம்மா மார்கிரட்டின்ரை கை இதிலை இல்லை" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள், இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா என்று என்னை முறைத்தார்கள். லவீனா கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"உப்பு எவ்வளவு கூட, ஐயா?"